பழைய மெசபடோமியாவில் போர்த் தெய்வம் என்பது அரசன் தன் வசதிக்குக் கட்டிவிட்ட கதைதானே?

நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருபத்தாறு வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். "சண்டைக்குப் போக அரசன் சாமி பேரைச் சொல்லிக்கொண்டான், அவ்வளவுதான்" என்றுதான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

2018இல் மகனைப் பார்க்க பாரிஸ் போனபோது, லூவ்ர் அருங்காட்சியகத்தில் 'கழுகுக் கல்' எதிரில் நின்றேன். சுமார் கி.மு. 2450இல் லகாஷ் அரசன் ஏஅன்னாத்தும் உம்மா நகரை வென்றதற்கு நாட்டிய கல், இப்போது உடைந்த துண்டுகளாக. ஒரு பக்கம் அரசனும் ஈட்டிப் படையும் பிணங்களை மிதித்து நடக்கிறார்கள். சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தேன். அங்கே மற்ற எல்லா உருவங்களையும் விடப் பெரிய தாடிக்கார உருவம். லகாஷின் தெய்வம் நிங்கிர்சு என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். இடக்கையில் வலை, வலை நிறைய எதிரிகள். கண்ணி வழியே ஒருவன் தலையை வெளியே நீட்டிவிட்டான். வலக்கைத் தண்டாயுதம் அந்தத் தலைமேலேயே இறங்குகிறது. "அப்பா, நேரமாச்சு" என்று மகன் கூப்பிட்டும் எனக்கு நகர மனமில்லை.

அந்த வலை வெறும் ஆயுதம் இல்லை. உம்மா அரசனை, தெய்வங்களுக்குத் தலைவரான என்லில் முதலிய தெய்வங்களின் வலைமேல் சத்தியம் செய்ய வைத்ததாக அதே கல்லில் எழுதியிருக்கிறது. எல்லை மீறினால் வலை உம்மாமேல் விழும். சண்டைக்குக் காரணமான குஎதின்னா வயலும் அரசன் சொத்தாக எழுதப்படவில்லை, நிங்கிர்சுவின் வயல். எல்லையே நிங்கிர்சுவுக்கும் உம்மாவின் தெய்வம் ஷாராவுக்கும் நடுவே என்லில் வகுத்தது என்பார்கள்.

மன்னருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நிங்கிர்சு தன்னைப் பெற்றான், தாய்த்தெய்வம் நின்ஹுர்சாக் பாலூட்டினாள் என்று எழுதிக்கொண்டவன் ஏஅன்னாத்தும். அவனுக்கு லாபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் லாபம் இருப்பதாலேயே நம்பிக்கை பொய்யாகிவிடாது.

இதையெல்லாம் வகுப்பில் நிதானமாகச் சொல்ல எங்கே விட்டார்கள்? பத்தாம் வகுப்பு வந்தால் வரலாற்றுப் பிரிவேளையைக் கணக்குச் சிறப்பு வகுப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால் "அதை மனப்பாடம் பண்ணிக்குவாங்க சார்" என்பார்கள். அந்தக் கோபம் ஓய்வு பெற்றும் தீரவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெயித்தவனுக்கு மட்டுமே உதவும் கதை என்றால், தோற்றவன் அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து உம்மாவின் அரசன் லுகல்சாகேசி லகாஷைச் சூறையாடினான். கோயில்களுக்குத் தீ வைத்தான், வெள்ளியையும் நீலக்கல்லையும் அள்ளிப்போனான், நிங்கிர்சுவின் வயலில் விளைந்த வாற்கோதுமையைக்கூட விடவில்லை. தோற்ற ஊரில் ஒருவர் இதை ஒவ்வொன்றாகக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். நிங்கிர்சு கைவிட்டார் என்று அதில் ஒரு சொல் இல்லை. எங்கள் அரசன் உருஇனிம்கினாமேல் குற்றமில்லை, பாவம் நிங்கிர்சுவுக்கு எதிராக உம்மாக்காரன் செய்தது என்று எழுதி, அந்தப் பாவத்தை அவனுடைய தெய்வம் நிசாபாவிடமே ஒப்படைக்கிறார்.