கனடா ஏரிக்கரைப் பயணத்துக்கு வைப்புக் காசை உடைக்கலாமா?

கேள்வி: நான் கொக்குவிலில் இருக்கும் ஆசிரியை. கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகளுக்கு 13, 9 வயது. ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்களைக் கூப்பிடுகிறார். இரண்டு குடும்பமுமாக எட்டுப் பேர். படுக்கை, குசினி எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சுப்பீரியர் ஏரிக்கரை வழியே 12 இரவு சுற்றலாம் என்கிறார். விமான ரிக்கற் அவருடைய செலவு. வண்டி இரவுக்கு 260 டொலர், அதில் பாதி எங்கள் பங்கு. மகளின் படிப்புக்கென்று போட்ட 10 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு மே மாதம்தான் முதிர்கிறது. இப்போதே உடைத்து அனுப்புவோம் என்று கணவர் நிற்கிறார். மாதம் 25,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும். பயணத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வைப்பை இப்போது உடைக்க வேண்டாம் ரீச்சர். ஆனால் பயணத்தையும் விட வேண்டாம். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கே ஆசை வந்தது. பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி அது, 82,100 சதுர கிலோமீற்றர். நம்முடைய முழு நாடும் 65,610தான். இரணைமடுக் குளக்கட்டில் நின்று வளர்ந்த பிள்ளைகள் அக்கரை தெரியாத ஓர் ஏரியின் முன்னால் நிற்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அண்ணா சொன்ன 260 டொலர் வண்டிக்கு மட்டும். 12 இரவுக்கு 3,120 டொலர், உங்கள் பாதி 1,560. ஒரு கனேடிய டொலரை 220 ரூபாய் என்று வைத்தால் மூன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் மனதில் இருக்கும் தொகை அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆர்.வி. வாடகையில் கூடுதல் காசு போவது வேறு இடங்களில்.

முதலாவது ஓட்டம். பல நிறுவனங்கள் நாளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அளந்துதான் தருவார்கள், மேலே போனால் கிலோமீற்றருக்குக் காசு. ரொறன்ரோவிலிருந்து, ஏரிக்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் சூ சென் மரி நகருக்கே ஏறக்குறைய 700 கிலோமீற்றர். ஏரிக்கரையின் அழகான பகுதி, அகாவா பே முகாமிடம் இருக்கும் மாகாணப் பூங்கா, அதற்கும் மேலே 17ஆம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. போய்ச் சுற்றித் திரும்ப 2,400 கிலோமீற்றர் என்று போடுங்கள். நாளுக்கு 100 இலவசம் என்றாலும் மீதி 1,200க்கு 40 சதப்படி 480 டொலர். அந்த வண்டி 100 கிலோமீற்றருக்கு 22 லீற்றர் அளவில் பெற்றோல் குடிக்கும். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 792. முகாமிடத்துக்கு இரவுக்கு 55 டொலர்படி 660. வண்டிக் காப்புறுதிக்கு 360, படுக்கை விரிப்பும் சட்டி பானையும் 400, வாடகை சார்ந்த எல்லாவற்றுக்கும் ஒன்ராறியோவின் 13 வீத வரி 567. நான் போட்டவை மதிப்பீடுகள்தான், ஆனால் கூட்டிப் பார்த்தால் 6,379 டொலர் வருகிறது. உங்கள் பங்கு 1,560 இல்லை, 3,190. ஏழு இலட்சம் ரூபாய்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது விசா. ஆளுக்கு 100 டொலர், கைரேகைக்குக் குடும்பத்துக்கு 170, ஆக ஒன்றேகால் இலட்சம். விசா கிடைக்காவிட்டால் இந்தக் கட்டணம் திரும்பாது. வண்டிக்கு அனுப்பிய காசு அதோடு போனால் இரட்டை நட்டம். ஆகவே விசா கைக்கு வரும்வரை வண்டிக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். இன்னொன்று, யாரிடமாவது கைமாற்று வாங்கி வங்கிக் கணக்கைத் திடீரென்று நிரப்பிக் காட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. விசா அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான். உடைக்காத வைப்பின் சான்றிதழ் அங்கே உங்களுக்கு நல்ல பலம். பாடசாலையிலிருந்து வெளிநாட்டு விடுமுறை அனுமதியையும் நேரத்தோடு எடுத்துவிடுங்கள்.

மருத்துவக் காப்புறுதியை மிச்சம் பிடிக்க வேண்டாம். சுற்றுலா வருபவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் இலவச மருத்துவம் கிடையாது. நாலு பேருக்கு மூன்று வாரத்துக்கு 300 டொலர் ஒதுக்குங்கள், 66,000 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 12 இரவுத் திட்டம் ஒன்பது இலட்சத்தைத் தொடுகிறது. உங்கள் பத்து மாதச் சேமிப்பைக் கழித்தாலும் மகளின் வைப்பில் ஏறக்குறைய ஆறரை இலட்சம் போய்விடும். அதற்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன்.

என் யோசனை, ஏழு இரவு, அல்கொன்குயின் பூங்கா. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டம், 1893இல் தொடங்கிய பூங்கா, உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். மூஸ் மான் வீதியோரம் நின்று பார்க்கும். தொள்ளாயிரம் கிலோமீற்றருக்குள் எல்லாம் முடியும். அதே விலைகளில் முழுச் செலவு 3,518 டொலர், உங்கள் பாதி 3 இலட்சத்து 87 ஆயிரம். விசாவும் மருத்துவக் காப்புறுதியும் சேர 5 இலட்சத்து 78 ஆயிரம். இதில் இரண்டரை இலட்சம் உங்கள் பத்து மாதச் சேமிப்பு. முதல் ஐந்து மாதச் சேமிப்பே விசாக் காசைக் கட்டிவிடும். மீதி 3 இலட்சத்து 28 ஆயிரத்தை மே மாதம் வைப்பு முதிரும்போது வட்டி நட்டம் இல்லாமல் எடுத்து, மிச்சம் 6 இலட்சத்து 72 ஆயிரத்தை அன்றைக்கே புதுப்பியுங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்புதான் இடம் பதியலாம், ஆகவே ஓகஸ்டுக்கு மார்ச்சில். அந்தப் பதிவையும் வண்டியின் முற்பணத்தையும் அண்ணா தன் அட்டையில் போடட்டும், இரத்துச் செய்யும் நிபந்தனையை வாசித்த பிறகு. நீங்கள் மே மாதம் தீர்க்கலாம். நகையை அடகு வைக்கும் பேச்சு வீட்டில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

போன வருடம் ஒரு குடும்பம் இப்படியான பயணம் முடிந்து வந்து பில்லை என் மேசையில் விரித்தது. வண்டியின் பக்கத்தில் இழுத்து விரிக்கும் நிழற்சீலையை இரவில் சுருட்டாமல் படுத்துவிட்டார்கள். காற்றில் சட்டம் வளைந்து சீலை கிழிந்தது. 900 டொலர். காப்புறுதியில் நிழற்சீலை அடங்காது என்று பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் ஒப்படைத்ததற்குத் தனியாக ஒரு கட்டணம். மைத்துனர்மார் இரண்டு பேரும் அந்த 900ஐ யார் கட்டுவது என்று கேட்டுக் கேட்டே பேச்சுக் குறைந்து போனது எனக்கு மிகவும் வருத்தம்.

அதனால் அண்ணாவிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரிக்கற் போடுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று தோன்றும், தெரியும். ஆனாலும் சேதம் வந்தால் யார் கட்டுவது, சாப்பாட்டுச் செலவு எப்படி என்பதை ஒரு வட்ஸ்அப் செய்தியில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிறு அவருடன் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, வண்டியில் எத்தனை ஆசனப் பட்டி இருக்கிறது என்பது. எட்டுப் பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தாலும், ஓடும்போது எட்டுப் பேர் பட்டியோடு இருக்க இடம் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆறு பட்டிதான் என்றால் அண்ணாவின் காரும் பின்னால் வர வேண்டும், அதன் பெற்றோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.