சாலிட் மாடலிலிருந்து வெட்டுக்கோடு: ஐந்து கேள்விகள்

கணினியில் வரைந்த முப்பரிமாண உருவிலிருந்து (சாலிட் மாடல்) கட்டர் போக வேண்டிய கோட்டை எடுப்பது பற்றி, பெங்களூரு பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் கணினி இயக்கும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் நம்மவர்கள் கேட்டவை இவை.

லேத் வேலைக்கு மாஸ்டர்கேம் மென்பொருளில் டர்ன் புரொஃபைல் (கடைசலுக்கான கோடு) எடுக்கும்போது ஸ்பின், ஸ்லைஸ் என்று இரண்டு வழிகள் வருகின்றன. எதை எடுப்பது?

ஜாப் (செய்யும் பொருள்) முழுக்க உருளையாக இருந்தால் இரண்டிலும் ஒரே கோடுதான் கிடைக்கும். அறுகோணத் தலையோ கீவேயோ (சாவி பொருந்தும் நீள்பள்ளம்) வந்துவிட்டால் கதை வேறு. ஸ்லைஸ் என்பது ஜாப்பை அச்சோடு பிளந்து, பிளந்த முகத்தின் ஓரத்தைத் தருவது. ஸ்பின் என்பது ஜாப்பை அச்சில் ஒரு முழுச்சுற்றுச் சுழற்றி, அது அடைக்கும் இடத்தின் எல்லையைத் தருவது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதிர்ப் பட்டைகளுக்கு (தட்டைப் பக்கங்களுக்கு) இடையே 30 மி.மீ. உள்ள அறுகோணத் தலைக்கு நான் ஸ்லைஸ் எடுத்தேன். பிளந்த தளம் சரியாகப் பட்டையின் நடுவே போயிற்று. கோடு 15 மி.மீ. ஆரம் என்றது, லேத்தும் அப்படியே கடைந்தது. ஆனால் மூலைக்கு மூலை 34.64 மி.மீ. இருக்க வேண்டும். சக்கிலிருந்து கழற்றிய ஜாப்பை வெர்னியரில் பிடித்து எந்தப் பக்கம் திருப்பினாலும் 30 தான் காட்டியது. மூலைகள் ஆறும் சீவலோடு போய்விட்டன. மில்லிங் செய்யப் பட்டையே இல்லை. இன்று வரை பட்டை உள்ள ஜாப்புக்கு ஸ்பின் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை.

உள்துளைக்கும் இதே எச்சரிக்கை தேவை. 25 மி.மீ. துளையில் 3.3 மி.மீ. ஆழக் கீவே இருந்து, அதன் வழியாகவே ஸ்லைஸ் போனால், கோடு துளையை 31.6 மி.மீ. என்று காட்டும். அதை நம்பிப் போரிங் (துளையைக் கடைந்து பெரிதாக்குதல்) செய்தால் ஜாப் குப்பைக்குத்தான்.

பாக்கெட் (குழி) சுவரில் 3 டிகிரி டிராஃப்ட் (சாய்வு) இருக்கிறது, அடிப்பக்கம் குறுகல். மேல் விளிம்பை எடுக்கவா, அடி விளிம்பை எடுக்கவா?

அடி விளிம்பை. 20 மி.மீ. ஆழத்துக்கு 3 டிகிரி என்றால் ஒரு பக்கத்துக்கு 1.05 மி.மீ. வித்தியாசம். மேல் விளிம்பைப் பிடித்து நேரான எண்ட் மில்லை (உருளை வடிவக் கட்டரை) அடிவரை இறக்கினால் சுவர் செங்குத்தாகிவிடும். சாய்வுக்கு வேண்டிய உலோகம் மிஞ்சாது. அடி விளிம்பில் ஓட்டினால் சாய்வு முழுவதும் மீதியாக நிற்கும். அதைப் பிறகு டேப்பர் கட்டராலோ (சாய்ந்த பக்கமுள்ள கட்டர்) பால் நோஸாலோ (உருண்டை முனைக் கட்டர்) முடிக்கலாம். மேலே எழும்பி நிற்கும் பாஸுக்கும் அடி விளிம்புதான், ஏனென்றால் அங்கே அடிதான் அகலம். விளிம்பைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உலோகம் கட்டரை நோக்கி அதிகமாக நீண்டிருப்பது எந்த உயரத்தில்?

வட்டமான ஓரத்தை வெட்டும்போது மெஷின் திக்கித் திக்கி ஓடுகிறது. ஓரத்தில் சின்னச் சின்னப் பட்டைகள் தெரிகின்றன.

உங்கள் கோட்டில் வட்டம் இல்லை, துண்டுக் கோடுகள் இருக்கின்றன. 25 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 0.01 மி.மீ. பிழைக்குள் நேர்கோடுகளாக உடைத்தால் சுமார் 112 துண்டுகள் வரும். பழைய கன்ட்ரோலர் ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைக்கிறது. வாடிக்கையாளர் எஸ்டிஎல் ஃபைல் தந்திருந்தால், அதில் முக்கோணங்கள் மட்டுமே உண்டு. வட்டத்தை வட்டமாகவே வைத்திருக்கும் ஸ்டெப் ஃபைலைத் தயங்காமல் கேளுங்கள். ஸ்டெப் இருந்தும் டிஎக்ஸ்எஃப் (வரைபட ஃபைல்) ஆக மாற்றும்போதே உடைகிறது என்றால், வில்லை வில்லாகவே சேமிக்கும் அமைப்பைத் தேடுங்கள். அதுவும் முடியாதபோது ஆர்க் ஃபில்டர் (துண்டுக் கோடுகளைச் சேர்த்து வில்லாக்கும் வசதி) போடலாம். ஆனால் அதன் டாலரன்ஸை (அனுமதிக்கும் பிழையை) வரைபடத்தில் உள்ள டாலரன்ஸுக்கு மிகவும் கீழே வையுங்கள். ஃபில்டர் கூட்டும் பிழையும் ஜாப்பில்தான் விழும்.

லேசரில் ஒரே கோட்டை இரண்டு முறை வெட்டுகிறது.

தகட்டின் மேல் முகம், கீழ் முகம் இரண்டின் விளிம்புகளும் ஒரே தளத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. மாடல் முழுவதையும் தேர்ந்தெடுக்காமல், ஒரு முகத்தை மட்டும் எடுத்து ஏற்றுமதி செய்யுங்கள்.

100 மி.மீ. பிளேட் 3.937 என்று வந்து நிற்கிறது.

அது அங்குலம். மி.மீ. ஆக்க 25.4 ஆல் பெருக்குங்கள். பழைய டிஎக்ஸ்எஃப் ஃபைல்களில் வெறும் எண்கள்தான் இருக்கும், அலகு இருக்காது. அளவு தெரிந்த ஒரு துளையைத் திரையில் அளந்து பார்த்துவிட்டு டூல்பாத் (கட்டர் போகும் பாதை) போடுங்கள்.