நியூரான் இடம் மாறினால் இணைப்பும் மாறுமா?

கேள்வி: ‘ரீலர்’ சுண்டெலியில் கெட்டிருப்பது ஒரே ஒரு மரபணு. அதற்காக, நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் அடுக்கமைப்பே கலைந்துபோவது ஏன்?

பதில்: தள்ளாடி நடக்கும் இந்தச் சுண்டெலியை 1951-இல் ஃபால்கனர் விவரித்தார். மரபணு அடையாளம் காணப்பட்டது 1995-இல். அது உண்டாக்கும் புரதம்தான் ரீலின். ஹிப்போகாம்பஸின் வெளியடுக்கில் உள்ள கஹால்-ரெட்சியஸ் செல்கள் அதைச் சுரக்கின்றன. நகர்ந்து வரும் இளம் நியூரான்கள் விஎல்டிஎல்ஆர், ஏபோஇஆர்2 என்ற இரு ஏற்பிகளால் அதைப் பற்றிக்கொள்ள, உள்ளே டாப்1 புரதம் செய்தியைக் கடத்துகிறது. டாப்1 இல்லாவிட்டாலும், இரு ஏற்பிகளும் சேர்ந்து இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இதே கலைவுதான். ஒரு ஏற்பி மட்டும் போனால் பாதிப்பு குறைவு.

ரீலரில், ஹிப்போகாம்பஸின் சிஏ1 என்ற பகுதியில் நியூரான் அடுக்கு இரண்டாகப் பிரிகிறது. டென்டேட் ஜைரஸ் என்ற இன்னொரு பகுதியின் நியூரான்களான கிரான்யூல் செல்களோ நெருங்கி நிற்காமல், அதன் உட்பகுதியான ஹைலஸ் முழுக்கச் சிதறிவிடுகின்றன. ரீலின் இருந்தால் மட்டும் போதாது, அது இருக்கும் இடமும் முக்கியம். ரீலர் மூளைச் சீவலை வளர்க்கும் திரவத்தில் ரீலினைக் கலந்தபோது கிளியா என்ற துணைச் செல்களின் இழைகள் நீண்டன, ஆனால் செல்கள் அடுக்காகவில்லை. இயல்பான சுண்டெலியின் டென்டேட் வெளியடுக்கைப் பக்கத்தில் வைத்து வளர்த்தபோது அடுக்கு திரும்பி வந்தது. இந்தத் துறையில் இத்தனை தெளிவாகப் பேசும் சோதனைகள் குறைவு.

கேள்வி: செல்கள் இடம் மாறினால் இணைப்புகளும் தவறிவிடுமா?

பதில்: இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்துவிடக் கூடாது. ரீலரில், ஹிப்போகாம்பஸை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸிலிருந்து டென்டேட்டுக்கு வரும் ஆக்ஸான்கள் (நியூரானின் நீண்ட இழைகள்) தமக்குரிய வெளியடுக்கையே அடைகின்றன, கிளைகள்தான் குறைவு. எதிர்ப்பக்க ஹிப்போகாம்பஸிலிருந்து வரும் ஆக்ஸான்கள் அப்படியல்ல. அவை கிரான்யூல் செல்களைத் தேடிப் போவதால், செல்கள் சிதறிய இடமெல்லாம் தாமும் பரவுகின்றன. ஆக, முதல் வகைக்கு வழிகாட்டி வெளியடுக்கு, இரண்டாம் வகைக்கு இலக்குச் செல்லே வழிகாட்டி.

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காக எடுத்த சீவலில் நியூரான் அடுக்கு இரட்டையாகத் தெரிகிறது. இது மரபணுப் பிறழ்வா, வெட்டின் கோளாறா?

பதில்: முதலில் வெட்டைச் சந்தேகியுங்கள். ஹிப்போகாம்பஸ் வாழைப்பழம்போல் வளைந்தது. பின்பகுதிக்குப் போகப் போகக் குறுக்குவெட்டு அடுக்கைச் சாய்வாகச் சீவும், ஒற்றை அடுக்கும் அகன்று தெரியும். 4% பாராபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, 40 மைக்ரான் கனத்தில் தொடர்ச்சியாக வெட்டி, செல் அடுக்குகளைக் காட்டும் நிஸ்ல் சாயம் ஏற்றி, இடமும் வலமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இரட்டை என்றால் வெட்டுவதற்குப் பொருத்திய மூளைத் துண்டு (பிளாக்) சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் பிறந்த இயல்பான குட்டியே வேண்டும். கிரான்யூல் செல்களின் ஆக்ஸான்களான மாசி இழைகளின் அளவு சுண்டெலி ரகத்துக்கு ரகம் மாறுவதால், வேறு ரகத்தோடு ஒப்பிட்டால் இல்லாத பிறழ்வு தெரியும்.

பிரிவு எங்கே என்பதும் துப்பு. சிஏ1 பிரிந்து டென்டேட்டும் சிதறியிருந்தால் ரீலின் வழியைத் தேடுங்கள். சிஏ1-ஐ அடுத்த சிஏ3 பகுதி முக்கியமாகப் பிரிந்து, கார்டெக்ஸ் ஏறத்தாழ இயல்பாக இருந்தால் டபிள்கார்டின் என்ற மரபணுவைச் சந்தேகியுங்கள். இது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு பிரதி கெட்ட தாய்க்குப் பிறக்கும் ஆண் குட்டிகளில் பாதிக்கு இந்தக் குறை வரும். டிசிஎல்கே1 என்ற உறவுப் புரதம் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. இரண்டும் இல்லாத சுண்டெலியில் சேதம் மிக அதிகம். எதுவானாலும் மரபணுவைச் சோதிக்கும் பிசிஆர் முடிவு கைக்கு வரும்வரை ஸ்லைடில் மரபணுவின் பெயரை எழுதாதீர்கள்.