தோட்டப்புற டவுனில் பங்குக் கோயிலைப் பழுதுபார்த்துப் பெரிதாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவில் ஒரு சிறிய தோட்டப்புற டவுன். கத்தோலிக்கப் பங்குக் கோயில் கட்டி எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கூரை ஒழுகுகிறது. திருவிழா அன்று ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். பழுதுபார்க்கும்போதே பெரிதாகவும் கட்டிவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பேராக்கில், தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது எங்கள் டவுன். அங்கே பங்கின் கட்டடக் குழுவுக்கு ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன்.

முதல் கூட்டத்துக்கே ஒருவர் படம் வரைந்து கொண்டுவந்துவிட்டார். இரண்டு பக்கச் சுவரையும் இடித்து, நூற்றுக்கணக்கானவர்கள் கூடுதலாக உட்காரும்படி ஒரு கோயில். எல்லாருக்கும் பிடித்திருந்தது. கோயிலைத் திறந்து பூட்டும் ஆன்ட்டி மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஃபாதர், நான் பக்கெட் வைக்கிற எடமெல்லாம் இதுல எங்க இருக்கு?” பலத்த மழை வந்தால் ஒன்பது இடத்தில் பக்கெட் வைப்பவர் அவர். அடுத்த ஞாயிறு ஒரு மணிலா அட்டையில் அந்த ஒன்பது இடத்தையும் புள்ளி வைத்துக் கொடுத்தார். எங்கள் திட்டத்தின் முதல் தாள் அதுதான். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் போங்கள்.

ஒன்பதில் ஆறு புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தன. பழைய கூரையும் பின்னால் சேர்த்த பக்கக் கூரையும் சந்திக்கும் பள்ளத்தில் ஓடும் தகரக் கால்வாய் அது. இலை அடைத்துத் தண்ணீர் பின்வாங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. தரையில் சொட்டுவது சின்ன விஷயம். உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தில் ஈரம் தங்குவதுதான் ஆபத்து. ஈரம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் கறையான் வரும். மண்ணிலிருந்து சுவர் வழியாக மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். கீழே சீலிங் பலகை மறைத்துக்கொள்வதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சீலிங்கில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, டார்ச் லைட்டோடும் ஸ்குரூ டிரைவரோடும் ஒருவரை ஏற்றி, ஒவ்வொரு உத்திர முனையையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கோயிலின் பழைய கூரையில் செங்கால் என்ற உறுதியான மரம். அது அப்படியே நின்றது. பிற்காலத்தில் சேர்த்த பகுதியில் மெராந்தி என்ற லேசான மரம். இரண்டு முனைகள் உள்ளே வெறும் கூடாக இருந்தன. அதற்கு நேர் கீழேதான் பாடகர் குழு பிள்ளைகள் உட்காருவார்கள். அந்த வாரமே அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி மூடினோம்.

சுவர் விஷயத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யாதீர்கள். சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு வந்த காண்ட்ராக்டர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான பெயிண்ட் அடித்தார். ஓர் ஆண்டு அழகாக இருந்தது. பிறகு ஈரம் இன்னும் மேலே, ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை அது சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு வழியில்லாமல் மேலே போகிறது. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். அதைவிட முக்கியமாக, கோயிலைச் சுற்றியிருந்த சாக்கடையைத் தாழ்த்தி, சுவரை ஒட்டிப் போட்டிருந்த சிமெண்ட் தரையை உடைத்தோம். ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுத்தது இன்னமும் எனக்கு வருத்தம். அந்தக் காசு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் கொடுத்தது.

பக்கக் கூரையோ கொட்டகையோ பழைய அலைத் தகடாக, சாம்பல் நிறத்தில், தகரம் போல் ஒலிக்காமல் இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கூட்டு வேலை என்று பங்கு இளைஞர்களை ஏற்றி உடைக்க விடாதீர்கள். உடையும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்து நோயாக வரும். அதன் கழிவைச் சாதாரணக் குப்பையோடு கொட்டவும் சட்டத்தில் இடமில்லை. தெரிந்த ஆளை வைத்து நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். மின்கம்பி பற்றி ஒரு வரி போதும்: எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு முழுக்கச் சோதியுங்கள், கசிவு மின்சாரம் வந்தால் உடனே துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நிலம். தோட்டப்புற டவுன் என்று நீங்கள் எழுதியதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சூசையப்பர் கோயில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. என் அம்மாவுக்கு அங்கேதான் கல்யாணம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிறகு தோட்டம் கைமாறியபோது, அந்தக் கோயில் யார் பெயரிலும் இல்லை என்பது தெரியவந்தது. கம்பெனி நிலத்தில், பழைய மானேஜர் வாய்மொழியாகச் சொன்ன ஒரு சொல்லில்தான் அத்தனை ஆண்டும் நின்றிருக்கிறது. சுரூபத்தையும் மணியையும் மட்டும் லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்தோம். டவுன் கோயில்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. கோயில் நிற்கும் துண்டு ஆயரின் பதவிப் பெயரில் இருக்கும். கார் நிறுத்தும் திடல் பக்கத்து நிலமாக இருக்கும். அல்லது கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், நில வகை விவசாயம் என்று இருக்கும். அப்படியானால் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின் கீழ் நிபந்தனையை மாற்ற நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தொகையும் கட்ட வேண்டும். இது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கட்டடக் கலைஞரைத் தேடும் முன்பே கிராண்ட் நகல் எடுத்து, எல்லைக் கல்லை அளந்துவிடுங்கள்.

பெரிதாக்கும் பேச்சுக்கு வருகிறேன். திருவிழா அன்று வெளியே நிற்பவர்கள் யார் என்று நாங்கள் விசாரித்தோம். பாதிக்கு மேல் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜொகூரிலும் குடியேறிவிட்ட நம்முடைய பிள்ளைகள். கொடியேற்றத்துக்கும் தேருக்கும் வருவார்கள், திங்கட்கிழமை போய்விடுவார்கள். அவர்கள் வருவது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஓராண்டில் இரண்டு நாளுக்காகச் சுவரை இடித்தால், மீதி நாளெல்லாம் காலி பெஞ்சுகளைத் துடைக்க வேண்டியிருக்கும். நான்கு ஞாயிறு, ஒவ்வொரு பூசைக்கும் வாசலில் நின்று ஆட்களை எண்ணினோம். தமிழ்ப் பூசையில் பெஞ்சுகள் பாதிதான் நிரம்பின. மலாய் பூசைதான் வளர்ந்துகொண்டிருந்தது: சரவாக், சபா பிள்ளைகள், புளோரஸ் தீவிலிருந்து தோட்டத்துக்கு வந்திருக்கும் கத்தோலிக்கர்கள். பூசை முடிந்ததும் அவர்கள் உட்கார்ந்து பேச இடமில்லாமல் சாலையோரம் நின்றார்கள். மறைக்கல்விப் பிள்ளைகள் பூசைப் பொருள்கள் வைக்கும் திருப்பண்ட அறையிலும், வளாகத்தில் குகை போலக் கட்டிய கெபிக்கு முன்னாலும் படித்தார்கள். வயதானவர்கள் கழிவறை தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் பூசைக்கு வந்தார்கள். இதை அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஒரு அன்பியக் கூட்டத்தில் ஒரு பாட்டி சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் கோயிலின் சுவரை இடிக்கவில்லை. பக்கத்திலேயே மூன்று பக்கம் திறந்த, உயரமான கூரை போட்ட ஒரு கூடம், அதன் பின்னால் நான்கு வகுப்பறை, பக்க வாசலுக்கு நேராகக் கழிவறை. திருவிழா அன்று அந்தக் கூடத்தில் பூசையைக் காட்டும் திரை வைத்தால் போதும். மற்ற நாளில் அது வகுப்பு, கல்யாண விருந்து, துக்க வீட்டாருக்குச் சாப்பாடு போடும் இடம். வாசலில் மூன்று படி இருந்தது, 18 அங்குல உயரம். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது இங்குள்ள அளவு. அப்படியென்றால் 18 அடி. கடைசியில் ஒட்டவைத்தால் அது செங்குத்தாகத்தான் வரும். முதல் படத்திலேயே அதற்கு இடம் விடுங்கள். உங்கள் ஊர்க் கணக்கு வேறாக வரலாம். ஆனால் எண்ணாமல் முடிவெடுக்காதீர்கள்.

பீடப் பகுதியை மாற்றும் எண்ணம் இருந்தால் தனியாக நின்று யோசியுங்கள். பீடம் சுவரை ஒட்டாமல், குரு சுற்றி வரும்படி இருக்க வேண்டும் என்பது இன்றைய வழிபாட்டு ஒழுங்கு. அதற்காகப் பிரெஞ்சு சாமியார்கள் காலத்துப் பழைய பீடத்தை உடைக்க வேண்டியதில்லை. அதைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் எளிய பீடம் வைத்த கோயில்கள் நிறைய. மறைமாவட்ட வழிபாட்டுக் குழுவிடம் படத்தோடு போய்க் கேளுங்கள்.

அனுமதி இரண்டு பக்கம் வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1215ஆம் விதி, ஆயரின் எழுத்துப்பூர்வமான இசைவில்லாமல் கோயில் கட்டக்கூடாது என்கிறது. 1216ஆம் விதி, கட்டவும் பழுதுபார்க்கவும் வல்லுநர் ஆலோசனை வேண்டும் என்கிறது. பேராக் பினாங்கு மறைமாவட்டத்தில் சேர்ந்தது, எங்கள் தாள்கள் அங்கே போயின. ஆயர் இல்லத்துக்கு முடிந்த படத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஆரம்ப எண்ணத்தையும் நிதி நிலையையும் கொண்டுபோங்கள், அப்போதுதான் அவர்களால் உதவ முடியும். அரசுப் பக்கம் மாவட்ட மன்றம்: 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதி, 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி கட்டட வரைபட அனுமதி. போம்பா, அதாவது தீயணைப்புத் துறையும் பார்க்கும். வேலை முடிந்ததும் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ சிசிசி என்ற கட்டட நிறைவுச் சான்று தர வேண்டும். சிறிய பழுதுபார்ப்பு என்றாலும் மன்றத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காண்ட்ராக்டருக்குச் சிஐடிபி என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு இருக்கிறதா, உங்கள் வேலையின் மதிப்பு அவருடைய தரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். தரம் ஜி1 முதல் ஜி7 வரை. “நம்ம ஆளு, கோயிலுக்குக் கொறைச்சுச் செய்வாரு” என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். நம்ம ஆளிடமும் மூன்றாவது விலைப்பட்டியலாக வாங்குங்கள், முதலாவதாக வேண்டாம். முன்பணமாகப் பாதி கொடுக்காமல், முடிந்த வேலைக்கு மட்டும் கொடுத்தோம். 5 விழுக்காட்டை ஓராண்டு பிடித்துவைத்தோம். ஒரு பருவ மழை பார்த்த பிறகுதான் கூரைக்கு முழுப் பணமும் போனது.

பணம் திரட்டும்போது கூரை நிதி, கூடம் கட்டும் நிதி என்று இரண்டு கணக்கு வையுங்கள். எந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், இது திருச்சபைச் சட்டத்தின் 1267ஆம் விதியிலேயே இருக்கிறது. எங்களிடம் மாதம் 10 வெள்ளி உறையில் போட்டுக் கொடுத்த குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்காக ஒவ்வொரு மாதமும் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும், இருப்பது பெயரளவிலா என்று பாருங்கள். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கு ரிபி என்ற பெயரில் பழுதுபார்ப்பு நிதி தந்திருக்கிறது. விண்ணப்பிக்கக் கிராண்ட் நகல், விலைப்பட்டியல், படங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைக்கு வரி விலக்கு உண்டு என்று ரசீதில் அச்சடிக்கும் முன், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் கையில் இருக்க வேண்டும்.

கூரையைத் திறக்கும் மாதத்தையும் இப்போதே குறித்துவையுங்கள். நம் மேற்குக் கரையில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும்தான் மழை அதிகம். ஜூன், ஜூலையில் சற்றுக் குறையும். ஈஸ்டர் பாஸ்காவும் முடிந்திருக்கும். எங்களுக்கு ஜூன் முதல் வாரம் தகரத்தைக் கழற்றினார்கள். அதற்குள் கூடம் தயாராகிவிட்டதால் ஆறு வாரம் பூசை அங்கேயே நடந்தது. நீங்களும் கூடத்தை முதலில் கட்டி, கூரையைப் பிறகு திறந்தால் கூடாரம் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்காது. ஆனால் உத்திரம் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது. அதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.