காட்டுப் பாதையைத் திருத்த யாரிடம் அனுமதி கேட்பது?

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் நண்பர்கள் எட்டுப் பேரும் விடுமுறை நாட்களில் மவுண்டன் சைக்கிள் ஓட்டும் ஒற்றையடிப் பாதை கன்னியாப் பக்கத்துக் குன்றடிப் பற்றைக்காட்டினூடாகச் செல்கிறது. கடந்த மாரியில் அது அரிபட்டு, இறக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு சென்று சிரமதானமாகத் தாங்களே திருத்த விரும்புகிறார்கள். நகரத்தில் ஒருவர் "பெமிற்" எடுத்துத் தருவதாகச் சொல்லி 75,000 ரூபாய் கேட்கிறாராம். அனுமதி உண்மையில் தேவையா, அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

அனுமதி தேவை. பணத்தைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அந்த நிலத்துக்குப் பொறுப்பான அலுவலரின் எழுத்துமூலச் சம்மதம். மண்வெட்டி பிடிக்கப் போகிறவர்கள் யார், எந்த இடத்தில் எவ்வளவு நீளத்துக்கு என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்பதை அறிந்தே அவர் கையொப்பமிட வேண்டும். இடையில் நிற்கும் ஒருவர் உங்களுக்குப் பதிலாக அதைச் சொல்ல முடியாது. காணி உத்தியோகத்தராக நான் பணியாற்றிய காலத்தில், இவ்வாறு பணம் கொடுத்தவர்கள் கொண்டுவந்து காட்டிய கடிதங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இறப்பர் முத்திரை தெளிவாக இருக்கும். கோப்பு இலக்கம் இருக்காது, திகதி இருக்காது, காணியின் எல்லைகள் இருக்கா. அத்தகைய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நிற்பவர், ஒன்றுமே இல்லாமல் நிற்பவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார். ஏனெனில் போலிப் பத்திரம் வைத்திருந்தது ஏன் என்ற கேள்விக்கும் அவர் விடை சொல்ல வேண்டிவரும்.

முதலில் செய்ய வேண்டியது, பாதை யாருடைய நிலத்தில் கிடக்கிறது என்று அறிவது. கிராம அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். அப்பகுதியின் காணி விபரம் அவருக்குத் தெரிந்திருக்கும். தனியார் காணியாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். காட்டு நிலமாக இருந்தால்தான் அலைச்சல். ஒதுக்குக்காடு வன பரிபாலனத் திணைக்களத்தின் பொறுப்பு. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் அங்கே மரம் வெட்டுவதையும் நிலத்தைத் துப்புரவு செய்வதையும் குற்றமாக்குகிறது. சரணாலயமாக இருந்தால் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். வர்த்தமானியில் அறிவிக்கப்படாத "ஏனைய அரச காடுகள்" என்றொரு வகையும் உண்டு. 2001இல் ஒரு சுற்றறிக்கை அவற்றை வன பரிபாலனத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. 2020இல் இன்னொரு சுற்றறிக்கை பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தது. இந்த இழுபறியின் விளைவை அனுபவிப்பவர் விண்ணப்பத்தோடு வெயிலில் நிற்கும் மனிதர்தான். ஒரு கருமபீடத்தில் "அங்கே போங்கள்" என்பார்கள், அடுத்ததில் "ஏன் இங்கே வந்தீர்கள்" என்பார்கள். ஒரு பாதையில் விழுந்த குழியை மூட முன்வரும் பிள்ளைகளை மூன்று மாதம் அலைக்கழிக்கும் நிர்வாகம், அதே காட்டில் இரவோடிரவாக மண் ஏற்றும் உழவு இயந்திரத்தைக் காணாமல் இருப்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே ஒரே கடிதத்தை இரண்டு பிரதிகளாக, பிரதேச செயலாளருக்கும் பிராந்திய வன அலுவலகத்துக்கும், ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையைக் கேட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள். நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு வாய்ச்சொல்லாக மட்டும் பதில் கிடைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். 75,000 ரூபாய் கேட்டவர் செய்யப் போவதாகச் சொல்லும் வேலையில் உண்மையான பகுதி இவ்வளவுதான்.

பணத்தைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாவட்டத்தில் ஓரிடத்தில், இளைஞர் குழுவொன்று நல்ல எண்ணத்தோடு ஒரு நடைபாதையைத் துப்புரவு செய்தது. உற்சாகத்தில் இருபுறமும் நாயுண்ணிப் பற்றைகளை வெட்டி, பாதையை ஏழெட்டு அடி அகலமாக்கிவிட்டார்கள். அடுத்த போகத்துக்குள் அவ்வழியே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனது. அதன் பின்னால் சீமெந்துத் தூண்கள் போயின. கம்பி வேலி அடித்து, "பாதை வசதியுள்ள காணி" என்று ஒரு தரகர் துண்டுபோட்டு விற்றார். அரச காணியை அளந்து பார்க்கப் போன நாங்கள் முதலில் விசாரித்தது அந்தப் பிள்ளைகளைத்தான், ஏனெனில் வெட்டியவர்கள் என்று ஊரில் எல்லோரும் கைகாட்டியது அவர்களை. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், தரகர் ஊரைவிட்டே போய்விட்டார். உங்கள் பாதை ஒரு சைக்கிள் கைபிடியின் அகலத்துக்குமேல் ஒரு சாண் இடைவெளி விட்ட அளவில் இருந்தால் போதும். "கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள், சாப்பாட்டுச் செலவை நான் தருகிறேன்" என்று யாராவது முன்வந்தால், அந்தச் சாப்பாட்டை உண்ணாதீர்கள்.

பாதையின் ஒரு பகுதி குளக்கட்டு வழியாகப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே எல்லா விதியும் மாறுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 80 ஹெக்டயருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அவற்றை நாளாந்தம் பார்ப்பது அவ்வூர்க் கமக்காரர் அமைப்பு. பெரும்போகத்துக்கு முன் அவர்கள் கட்டில் பற்றை வெட்டிச் சிரமதானம் செய்வது வழக்கம். அந்த நாளைக் கேட்டறிந்து, அவர்களுடைய தலைவரின் சொற்படி வேலை செய்தால் அங்கே உங்களுக்கு வேறு காட்டுக் கடிதம் தேவைப்படாது. ஆனால் குன்றடிப் பாதையைக் காப்பாற்றும் அதே வெட்டு குளக்கட்டை உடைக்கும். காட்டுப் பாதையில் நீர் வடிவதற்காக ஓரத்தை அரை அடி வெட்டிவிடுவது சரியான வேலை. குளக்கட்டின் விளிம்பில் அதே அரை அடியை வெட்டினால், மாரியில் குளம் நிரம்பும்போது நீர் அந்தப் பள்ளத்தைத் தேடி வரும், ஒரே இரவில் அது உடைப்பாகும், கீழேயுள்ள வயல் முழுவதும் மணல் மேடாகும். கட்டில் ஏற்கெனவே இருக்கும் மரத்தைப் பிடுங்கினாலும் வேர் அழுகிய துளையால் நீர் கசியும். ஆகவே குளக்கட்டில் பள்ளங்களுக்கு மண் இட்டு மட்டம்கட்டி இறுக்கலாம், பற்றையைத் தரைமட்டத்தில் வெட்டலாம். ஒருபோதும் தோண்டக் கூடாது. மண் ஈரமாக இருக்கும் நாட்களில் கட்டின்மேல் சைக்கிள் ஓட்டுவதையும் நிறுத்துங்கள். கமக்காரர் கோபம் கொண்டால் அது நியாயமான கோபம்.

இனி வேலையைப் பற்றி. முழங்கால் ஆழ வாய்க்காலைத் தளர்மண்ணால் நிரப்பாதீர்கள். அடுத்த மழையிலேயே போய்விடும். மழைநீர் பாதை நெடுகே ஓடாமல் பாதையைக் குறுக்கே கடந்து போக வேண்டும், அது ஒன்றே நோக்கம். குன்றின் சரிவு 100 அடிக்கு 20 அடி இறங்குகிறது என்றால், பாதை 100 அடிக்கு 10 அடிக்குமேல் இறங்கக் கூடாது. சரிவின் பாதிக்கு மேற்பட்டால் நீர் பாதையையே தன் வாய்க்காலாக்கிக்கொள்ளும். மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயே இதை அளக்கப் போதும். ஒரு மீற்றர் அகலப் பாதையில் பள்ளப்புற ஓரம் ஐந்து சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கட்டும். முடிந்ததும் ஒரு போத்தல் தண்ணீரைப் பாதையின் நடுவில் ஊற்றிப் பாருங்கள். சில்லுத் தடத்தின் வழியே கீழ்நோக்கி ஓடினால் மண்வெட்டியை மறுபடியும் எடுங்கள், பக்கவாட்டில் வழிந்து பற்றைக்குள் போனால் அந்த இடம் முடிந்தது. வாய்க்கால் விழுந்த இறக்கத்தைக் கைவிட்டுப் பாதையை மாற்றுவதே நல்லதென்று தோன்றினால், அது புதிய பாதை. அதற்குப் புதிய கடிதம் வேண்டும்.

பாலை, முதிரை, கருங்காலி எவற்றிலும் கைவைக்காதீர்கள். பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் முதிரைக் கிளையை வாளால் அறுத்து ஓரத்தில் போடுவதற்குக்கூட அலுவலரின் சொல்லைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு துண்டும் கொண்டுபோகாதீர்கள், விறகுக்கென்றாலும் சரி. மண்வெட்டியில் பழைய செங்கல்லோ செதுக்கிய கருங்கல்லோ தட்டுப்பட்டால் அவ்விடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் எங்கள் மாவட்டத்தில் ஏட்டளவில் கிடக்கும் சட்டம் அல்ல. கல்லோ மண்ணோ தேடிப் பாதையை விட்டு விலகிப் போகாதீர்கள். இது போர் நடந்த மண், மிதிவெடி அகற்றப்பட்ட இடம் எதுவென்று பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே புதிய இடத்தில் அலவாங்கு இறங்கலாம். யானை நடமாடும் பக்கமென்றால் வெயில் ஏறிய பிறகு உள்ளே போய், பிற்பகல் நான்கு மணிக்கு முன் வெளியே வந்துவிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் செங்கல்லாக இறுகிவிடும், மண்வெட்டி துள்ளும். மாரி ஓய்ந்து, மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் பதத்துக்கு வரும் தை, மாசிதான் காலம். கடிதத்தை இப்போதே கொடுத்தால் அந்த நாட்களுக்குள் பதிலை வாங்கிவிடலாம்.