118 நிமிடத்தில் லியொனார்டோ அடங்குவாரா?

கேள்வி: 1971இல் வெளிவந்த இத்தாலிய வரலாற்று நாடகமான 'லியொனார்டோ டா வின்சியின் வாழ்க்கை'யை டிவிடியாக வாங்க விரும்புகிறேன். இணையத்தில் ஒருவர் 'முழுப் படம், அகலத்திரை, 118 நிமிடம்' என்று விளம்பரம் செய்து மலிவாகத் தருகிறார். இத்தாலியப் பதிப்பு அதைப்போல் மூன்று மடங்கு விலை. மலிவானதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரெனாட்டோ காஸ்டெல்லானி இயக்கத்தில் பிலிப் லெருவா லியொனார்டோவாக நடித்த அந்தப் படைப்பு, இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பிய தொடர். மொத்தம் ஏறத்தாழ 5 மணி நேரம் ஓடும். 118 நிமிடம் என்றால் பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள். இக்காலத்துக் கோட்டு அணிந்த கதைசொல்லி ஒருவர் காட்சிக்குள்ளேயே வந்து நின்று, பிரெஞ்சு மன்னர் பிரான்சுவாவின் கைகளில் லியொனார்டோ உயிர்விட்டார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்லும் கதையை நம்பலாமா என்று கேட்பதுதான் இதன் தனிச்சுவை. கத்தரிப்பவருக்கு அவர் வேண்டாத ஆளாகத் தோன்றக்கூடும் என்பதே என் கவலை.

'அகலத்திரை' என்பதும் ஐயத்துக்குரியது. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்ப 4:3 அளவில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுக்கப்பட்ட படத்தை அகலமாக்க வேண்டுமானால், மேலும் கீழும் நறுக்க வேண்டும், இல்லையேல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள படங்களை உற்றுப் பாருங்கள். நெற்றி வெட்டுப்பட்டிருந்தாலோ முகம் உப்பியிருந்தாலோ காரணம் அதுதான்.

இத்தாலியப் பதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. டிவிடி வட்டுகளை விற்கும் நாட்டுக்கேற்ப மண்டல எண்ணிட்டுப் பூட்டுவார்கள்; இத்தாலி மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5 என்பதால், எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் பிளேயர் உங்களிடம் இல்லையென்றால் வட்டு ஓடாமல் போகலாம். வசனம் இத்தாலிய மொழியில் இருக்கும். ஆகவே ஆங்கிலத் துணைவரிகள் உண்டா என்பதை, அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் செலுத்துங்கள்.

மலிவானதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களானால், அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள். பிறகு அது மாறிவிடக்கூடும். 'முழுப் படம்' என்று சொல்லி வெட்டிய பதிப்பை விற்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று வாதிட இடமுண்டு. விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.