மொட்டைக் கடுதாசியும் மளிகைப் பையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். வேலை போன நேரத்துல இலவச சாப்பாட்டுச் சாமான் வாங்கலாமா, வாங்குறவங்களை ஏசுறது நியாயமான்னு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், நான் மாசாமாசம் ஒழுங்கா வரி கட்டுறவன். பொருளாதாரம் படுத்துடுச்சுன்னு சொல்லி ஆளாளுக்கு இலவச சாமான் வரிசையில நிக்கிறாங்க. உடம்பு வளையாதவனுக்கு நான் எதுக்கு சார் சோறு போடணும்? மழுப்பாம கறாரா சொல்லுங்க.

பதில்: கறாராவே சொல்றேன். உங்க கோவம் புரியுது, உழைச்ச காசு, வலிக்கத்தான் செய்யும். ஆனா கணக்கு ஒண்ணு இடிக்குதே. அமெரிக்காவுல சாப்பாட்டுக்குன்னே அரசாங்கம் தர்ற உதவி இருக்கு, ஃபுட் ஸ்டாம்ப்னு பேரு, 2008-ல அதை ஸ்நாப்னு மாத்தினாங்க. 2007-ல அதை வாங்கினது சுமார் 2.6 கோடி பேர். அப்புறம் பேங்க் எல்லாம் வரிசையா கவுந்து, 2009 அக்டோபர்ல வேலையில்லாதவங்க 10 சதவீதம் ஆகி, 2013-ல இந்த உதவி வாங்குறவங்க 4.7 கோடியைத் தாண்டிட்டாங்க. வேலை திரும்ப வர வர அது குறைஞ்சு 2019-ல 3.6 கோடி கிட்ட வந்து நின்னுச்சு. இப்ப சொல்லுங்க, சோம்பேறித்தனம்தான் காரணம்னா ரெண்டு கோடி பேர் ஒரே சமயத்துல சோம்பேறி ஆனது எப்படி, அதுல ஒரு கோடி பேர் சொல்லி வெச்ச மாதிரி சுறுசுறுப்பு ஆனது எப்படி? (நடுவுல விதியைக் கொஞ்சம் தளர்த்தினதும் எண்ணிக்கை ஏறினதுக்கு ஒரு காரணம், அதை நான் மறைக்கல.)

அதுவும் சும்மா உக்காந்தே சாப்பிடலாம்னு விதி கிடையாது. குழந்தை குட்டி இல்லாத, உடம்புல தெம்பு இருக்குற ஆளுக்கு வாரம் 20 மணி நேரமாவது வேலையோ பயிற்சியோ இல்லைன்னா மூணு வருஷத்துல மூணு மாசம்தான்னு 1996-லயே சட்டம் போட்டுட்டாங்க. நெருக்கடியில பல மாநிலங்கள்ல அதை நிறுத்தி வெச்சாங்க, ஏன்னா தேடினாலும் வேலை இல்ல. அப்புறம் இந்தப் பணம் வாங்கினவன் கையில தங்குறதே இல்ல சார், அந்த மாசமே கடைக்குப் போயிடுது, கடையில இருந்து லாரிக்காரனுக்கு, விவசாயிக்கு. தொழில் படுத்துக் கிடக்குற நேரத்துல இப்படி ஒரு டாலர் கொடுத்தா பொருளாதாரத்துல 1.54 டாலருக்கு அசைவு வருதுன்னு அந்த நாட்டு விவசாயத் துறையே 2019-ல கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கு.

கேள்வி: அண்ணா, பேர் போட வேணாம். வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆச்சு. போன மாசம் முதல் தடவையா ஒரு அமைப்புல கொடுக்குற மளிகைப் பையை வாங்கினேன். பை மேல பெருசா அவங்க பேரு இருந்துச்சு, அதை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டு எடுத்துட்டு வந்தேன். அப்படியும் நாத்தனார் பாத்துட்டாங்க. "கையில இவ்ளோ பெரிய போன் இருக்கு, வாங்குறது இலவச சாமானா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. அன்னையிலேர்ந்து அவர் சரியா சாப்பிடறதே இல்ல. நான் செஞ்சது தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா. அந்தப் போன் சம்பளம் வந்த காலத்துல வாங்கினது. இப்ப வித்தா எத்தனை நாளைக்கு வரும்? அப்புறம் இண்டர்வியூவுக்குக் கூப்பிடுறவன் எந்த நம்பருக்குக் கூப்பிடுவான்? வேலை போன அன்னைக்கு வீட்ல இருக்குற நல்ல சட்டை, நல்ல செருப்பெல்லாம் கிழிஞ்சா போகுது, வறுமை வந்தா வந்த மாதிரி தெரியணும்னு எதிர்பாக்குறவங்களுக்கு உங்களால பதில் சொல்லி முடியாது, விட்டுடுங்க.

உங்க வீட்டுக்காரர் விஷயம்தான் எனக்குக் கவலையா இருக்கு. நானும் ஒரு காலத்துல ஏழு மாசம் வேலை இல்லாம இருந்தவன். தினம் காலையில குளிச்சு சட்டையை இன் பண்ணிக்கிட்டு வெளிய கிளம்பிடுவேன், எங்க போறேன்னு எனக்கே தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுல படக்கூடாது, அவ்ளோதான். யாரும் என்னை எதுவும் சொல்லல, நானே என்னைச் சொல்லிக்கிட்டேன். அவரைத் தட்டு முன்னாடி உக்கார வெச்சு புத்தி சொல்லாதீங்க, வீட்ல ஏதாவது ஒரு வேலையை அவர் பொறுப்புல விட்டுடுங்க, அது போதும்.

கேள்வி: நல்ல மனுஷங்க கூட கஷ்டப்படுறவங்களையே ஏன் சார் குத்தம் சொல்றாங்க? எங்க அப்பா தங்கமான ஆள், இந்தப் பேச்சு வந்தா மட்டும் வேற ஆள் ஆயிடுறார்.

பதில்: மெல்வின் லெர்னர்னு ஒரு உளவியலாளர், 1966-ல அவரும் கரோலின் சிம்மன்ஸும் சேர்ந்து ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு பொண்ணு கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா ஷாக் அடிக்கும், அதை மத்தவங்க உக்காந்து பாக்கணும் (ஷாக் எல்லாம் நடிப்பு, பாக்குறவங்களுக்கு அது தெரியாது). ஷாக்கை நிறுத்த வழி இருந்தவங்க நிறுத்திட்டாங்க, அவளைப் பத்தி நல்லபடியாவும் பேசினாங்க. ஷாக் தொடர்ந்து அடிக்கும், நம்மளால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு இருந்தவங்கதான் அவளையே மட்டமா பேச ஆரம்பிச்சாங்க. அதாவது உலகம் நியாயமாத்தான் நடக்குதுன்னு நம்பிக்கிட்டு இருக்குறவனுக்கு, காரணமே இல்லாம ஒருத்தன் அடி வாங்குறது தாங்க முடியாத விஷயம், அதனால அடி வாங்குறவன் மேலயே ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுடுறான்.

உங்க அப்பாவுக்கும் உள்ளுக்குள்ள பயமா இருக்கலாம். அவன் சோம்பேறி அதனால விழுந்தான், நான் உழைக்கிறேன் அதனால விழ மாட்டேன்னு சொல்லிக்கிட்டா ராத்திரி தூக்கம் வரும்ல. இன்னொண்ணும் உண்டு, 2014-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, குறைந்தபட்சக் கூலியை ஏத்தக் கூடாதுன்னு அதிகமா சொன்னது பணக்காரங்க இல்ல, அந்தக் கூலிக்கு மேல கொஞ்சூண்டு வாங்குறவங்க. கீழ இருக்குறவன் ஒரு படி ஏறிட்டா நாம கடைசிப் படி ஆயிடுவோமேங்கிற பயம்.

கேள்வி: இலவசமா கொடுத்தா கூட்டம் வரத்தானே செய்யும்?

பதில்: 2013-ல பிரிட்டன்ல ஒரு அமைச்சரும் இதையேதான் சொன்னார், இலவசப் பொருளுக்குக் கிட்டத்தட்ட அளவில்லாத கிராக்கி இருக்கும்னு. ஆனா அப்ப அங்க ட்ரஸ்ஸல் டிரஸ்ட்ங்கிற தொண்டு அமைப்போட உணவு வங்கியில (இல்லாதவங்களுக்கு இலவசமா சாமான் கொடுக்குற இடம்) நேரா போய் நின்னா பை கிடைக்காது, டாக்டரோ சமூக சேவகரோ யாராவது பாத்து எழுதித் தர்ற சீட்டு வேணும், அதுக்கும் மூணு நாள் சாப்பாடுதான். மூணு நாள் சாப்பாட்டுக்காக டாக்டர் முன்னாடி போய் தன் நிலைமையைச் சொல்றது ஆசையில வர்ற கூட்டமா?

கேள்வி: அண்ணே, எங்க தெருவுல ஒருத்தர் உதவியும் வாங்குறார், கமுக்கமா சில்லறை வேலைக்கும் போறார். மேல எழுதிப் போடலாம்னு இருக்கேன். நாள் பூரா திண்ணையில உக்காந்திருக்குற ஆளுங்களைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது.

பதில்: எழுதுறதுக்கு முன்னாடி மரியந்தால் கதையைக் கேட்டுட்டு எழுதுங்க. வியன்னா பக்கத்துல ஒரு சின்ன ஊர், ஊர் முழுக்க ஒரே நூற்பாலையை நம்பி இருந்துச்சு, 1930-க்குள்ள ஆலையை மூடிட்டாங்க. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல்னு மூணு பேர் ஆட்களைக் கூட்டிட்டுப் போய் அந்த ஊரையே ஆராய்ச்சி பண்ணாங்க, 1933-ல வெளியிட்டாங்க. வேலை இல்லாதவனுக்கு நேரம்தான் நிறைய இருக்கே, புத்தகமாவது படிச்சிருப்பான்னு நினைப்போம். நூலகத்துல கட்டணத்தையே எடுத்துட்டாங்க, அப்படியும் எடுத்துட்டுப் போற புத்தகம் பாதியாயிடுச்சு. தெருவுல வாட்ச் வெச்சுக்கிட்டு நின்னு பாத்தா, பொம்பளைங்க விறுவிறுன்னு போறாங்க, ஆம்பளைங்க பத்தடி நடக்குறது, நிக்கிறது, மறுபடி நடக்குறதுன்னு போறாங்க. நீங்க திண்ணையில பாக்குறீங்களே அதுதான் இது. வேலை போனதால வந்த சோர்வு, நாம அதைத் திருப்பிப் போட்டு சோர்வாலதான் வேலை போச்சுன்னு படிக்கிறோம்.

கடுதாசி விஷயத்துக்கு வர்றேன். அங்க உதவித்தொகை வாங்குறவன் ஒரு பைசா சம்பாதிச்சாலும் தொகை கட். மரம் வெட்ட கூடப் போய் கூலிக்குப் பதிலா விறகு வாங்கிட்டு வந்தவனுக்கு நிறுத்திட்டாங்க, வீடு வீடா பால் ஊத்திட்டு தன் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பால் வாங்கிக்கிட்ட பொம்பளைக்கு நிறுத்திட்டாங்க, தெருவுல மவுத் ஆர்கன் வாசிச்சு சில்லறை சேத்தவனுக்கும் நிறுத்திட்டாங்க. இந்த மாதிரி விஷயம் எல்லாம் மேல எப்படிப் போகும்? பக்கத்து வீட்டுக்காரன் போடுற மொட்டைக் கடுதாசியும் ஒரு வழி. நிலைமை மோசமாக மோசமாக கடுதாசியும் கூடிச்சு, கூடினதுல பொய்தான் ஜாஸ்தி. ஆலையை மூடினவன் ஊர்லயே இல்ல, கைக்கு எட்டுன தூரத்துல இருந்தது பக்கத்து வீட்டுக்காரன்தான்.

ஏமாத்துறவனே இல்லைன்னு சொல்ல வரல. 1976 தேர்தல் பிரசாரத்துல ரீகன் (பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்), சிகாகோவுல ஒரு பொம்பளை 80 பொய்ப் பெயர் வெச்சு அரசாங்க உதவி வாங்குறான்னு ஊர் ஊரா சொன்னார், அவ நிஜமாவே மோசடிக்காரிதான், அடுத்த வருஷம் தண்டனையும் ஆச்சு, ஆனா கோர்ட்ல நிரூபணமான தொகை அவர் சொன்னதுக்குக் கிட்டக்கூட வரல. அந்த ஒருத்தி முகத்தைத்தான் அப்புறம் கோடிப் பேருக்கு ஒட்ட வெச்சாங்க. முதல்ல சொன்ன ஃபுட் ஸ்டாம்ப் உதவியைக் கள்ளத்தனமா காசா மாத்துற திருட்டு, காகித ஸ்டாம்ப் காலத்துல 1993-ல டாலருக்கு நாலு சென்ட் கிட்ட இருந்துச்சு, காகிதத்துக்குப் பதிலா கடையில தேய்க்கிற கார்டு வந்தப்புறம் 2012-14 கணக்குல ஒன்றரை சென்ட். திருட்டைக் குறைச்சது கார்டு, கடுதாசி இல்ல. உங்க தெருக்காரர் நாலு வீட்டை மிரட்டிப் பறிக்கிறார்னா எழுதுங்க. சில்லறை வேலைக்குப் போறார்னா, சோம்பேறியும் இல்லைன்னு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க.

கேள்வி: நாங்க நண்பர்கள் சேர்ந்து வேலை போனவங்களுக்கு மளிகைப் பை கொடுக்கலாம்னு இருக்கோம். போட்டோ எடுத்துப் போட்டா இன்னும் நாலு பேர் பணம் தருவாங்க. எடுக்கலாமா?

பதில்: சாமானை போட்டோ எடுங்க, ஆளை எடுக்காதீங்க. அப்புறம் பை மேல உங்க பேரை அடிக்காதீங்க, வாங்குறவங்க அதைத் திருப்பிப் போட்டுத்தான் எடுத்துட்டுப் போறாங்க.